கீழோடையில் எல்லோருக்கும் மொட்டை

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடியது. அந்த ஓடையின் மேல்பக்கம் இருந்த விலங்குகள் எல்லாம் மினுமினுத்தன. கீழ்ப்பக்கம் இருந்த விலங்குகள் எல்லாம் சொறிந்துகொண்டன. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்தான். யார் என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.

மேலோடையில் சடையாண்டி என்று ஒரு கழுதைப்புலி இருந்தது. அதற்குக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் நீளமான பிடரி மயிர். காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறதோ இல்லையோ, பிடரியைச் சீவிவிடும். சீப்பு வேண்டும் என்பதற்காகவே ஒரு முள்ளம்பன்றியை வேலைக்கு வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

இந்தச் சடையாண்டி ஒரு மெழுகுப் பட்டறை நடத்தியது. கொம்பிலும் குளம்பிலும் பூசிக்கொள்கிற மினுக்கு மெழுகு. அதைப் பூசிய மானின் கொம்பில் இன்னொரு மான் முகம் பார்த்துக்கொள்ளலாம். மேலோடைக்குத் தலைவியான பெரியநாயகி யானைக்குத் தந்தம் கிடையாது. அதனால் அது கால் நகங்களில் பூசிக்கொண்டு, நடக்கும்போதெல்லாம் குனிந்து குனிந்து பார்த்து, இரண்டு தடவை மரத்தில் முட்டிக்கொண்டது.

மெழுகு சும்மா வருமா? பெரிய பெரிய கொப்பரைகளில் ஏதேதோ காரப் பொடிகளைக் கொட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். மெழுகை வழித்தெடுத்த பிறகு அடியில் மஞ்சளாக ஒரு தண்ணீர் நிற்கும். நுரை நுரையாகப் பொங்கும். அதன் நாற்றத்துக்கு ஈக்கள்கூடத் திரும்பிப் போய்விடும்.

சடையாண்டி மூங்கிலை வெட்டிக் குழாயாக்கி, தாழம்புதருக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் பதித்து, அந்த மஞ்சள் தண்ணீரை ஓடையில் விட்டது. ஓடை அதைக் கீழே கொண்டு போயிற்று. கீழே போனால் கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாதது இல்லவே இல்லை என்பது சடையாண்டியின் எண்ணம். அது மட்டும் பட்டறைக்கு மேலே பாறை இடுக்கில் இருந்த சுனையில்தான் தண்ணீர் குடித்தது. கெட்டிக்காரன் அல்லவா!

கீழோடையில் கயற்கண்ணி என்ற நீர்நாயும் அதன் குட்டி கெண்டையும் இருந்தன. கெண்டையைத் தண்ணீரிலிருந்து வெளியே வரவைப்பதற்குள் கயற்கண்ணிக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும். "வரேம்மா, இதோ வரேம்மா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முழுக்குப் போடும். அப்படி ஒரு குட்டி அது.

முதலில் மீன்கள் செத்து மிதந்தன. பிறகு தவளைகள் கத்துவதை நிறுத்தின. பிறகு அரிப்பு ஆரம்பித்தது. எருமை தேய்த்த தேய்ப்பில் ஒரு நாவல் மரம் சாய்ந்தே போயிற்று. குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றின் முதுகை மற்றொன்று சொறிந்தன. கடைசிக் குரங்கின் முதுகைச் சொறிய ஆள் இல்லாததால், எல்லாம் வட்டமாக உட்கார்ந்துகொண்டன.

அதன் பிறகு முடி கொட்டத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் கம்பளிக் கரடி என்றால் தெரியாதவர் கிடையாது. அவ்வளவு அடர்த்தியான முடி. ஒரு நாள் அது ஓடையில் முங்கி எழுந்து கரையேறியது. கரடி கரைக்கு வந்துவிட்டது, முடி வரவில்லை. தன் முடி மொத்தமும் தனியாக மிதந்து போவதைப் பார்த்த கரடி, யாரோ பெரிய மனுஷர் போகிறார் என்று நினைத்து, எழுந்து நின்று கும்பிடு போட்டது.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் கெண்டையைப் பார்த்தால் சிரிக்க மாட்டீர்கள். மற்றவர்களுக்கு முடியும் தோலும்தான் போயிற்று. சின்ன உடம்பு அல்லவா, கெண்டைக்கு எல்லாமே போய்விடும் போல் இருந்தது. தின்றது வயிற்றில் தங்கவில்லை. மூச்சு விட்டால் கீச் கீச் என்றது. தண்ணீர் என்றாலே குதித்த குட்டி, வளைக்குள்ளே சுருண்டு படுத்துவிட்டது. முடியில்லாத அந்தச் சின்னத் தலையை நக்கி நக்கி, கயற்கண்ணியின் நாக்கும் புண்ணாகிப் போனது.

ஒரு நாள் கயற்கண்ணி மஞ்சள் நுரை வந்த வழியைப் பிடித்துக்கொண்டே மேலே மேலே போயிற்று. தாழம்புதரில் குழாயைக் கண்டுபிடித்தது. நேராகப் பட்டறை வாசலுக்குப் போய் நின்றது.

"முதலாளி ஐயா, உங்க குழாய்த் தண்ணி எங்க ஓடைக்கு வருதுங்க. ஓடை பூரா நுரை."

முள்ளம்பன்றியிடம் பிடரியைச் சீவக் கொடுத்துக்கொண்டே சடையாண்டி சொன்னது: "நுரையா? எருமைங்க அசை போடுதில்ல? அந்த வாய் நுரைதாம்மா அது."

"மீனெல்லாம் செத்து மிதக்குதே?"

"மல்லாந்து படுத்து வெயில் காயும். நீ போய் எழுப்பியிருப்பே."

"தவளை கத்தலையே?"

"தொண்டை கட்டியிருக்கும். சுக்குத் தண்ணி குடிக்கச் சொல்லு."

"சரிங்க. முடியெல்லாம் கொட்டிப் போச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க? என்னைப் பாருங்க, என் தலையைப் பாருங்க!"

சடையாண்டி பிடரியை இப்படியும் அப்படியும் திருப்பி நேரம் கடத்தியது. ஆனால் அதிருஷ்டம் சில பேரைத் தேடி வரும், நான்கு காலில் வரும். அந்த நேரம் பார்த்து மெழுகு வாங்கப் பெரியநாயகி யானை வந்தது. கயற்கண்ணியின் தலையைப் பார்த்ததும் தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிட்டது.

"அடடா, மொட்டையா! மலைக்கோயிலுக்காம்மா?"

கயற்கண்ணி வாயைத் திறப்பதற்குள் சடையாண்டி முந்திக்கொண்டது. "ஆமாங்க பெரியம்மா! இது மட்டுமில்ல, கீழோடையே மொட்டை போட்டிருக்கு. எல்லாம் வேண்டுதல். பக்தின்னா அதுதாங்க பக்தி!"

யானைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சந்தனக் கட்டையை உரசி, கயற்கண்ணியின் தலையில் குளிரக் குளிரப் பூசியது.

"இல்லீங்க பெரியம்மா, இது வேண்டுதல் இல்ல, அந்தக் குழாயில..."

"உஷ்! வேண்டுதலை வெளியில சொல்லக் கூடாதும்மா. சொன்னா பலிக்காது."

"நான் வேண்டிக்கவே இல்லீங்க!"

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!" என்றது சடையாண்டி.

கயற்கண்ணிக்கு அழுகையா கோபமா என்றே தெரியவில்லை. தலையில் சந்தனத்தோடு வீட்டுக்குத் திரும்பியது.

மறுநாளிலிருந்து மேலோடைக்காரர்கள் கீழோடையின் எல்லையில் வந்து நின்று, பழங்களை வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நாற்றம் தாங்காமல் கிட்டே வரவில்லை. "அது ஒரு மாதிரி சாம்பிராணிங்க" என்று சடையாண்டி அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தது.

இப்போது கரடியின் புத்தி போன போக்கைக் கேளுங்கள். வாழைப்பழம் வரத் தொடங்கியதும் அது ஒரு பாறை மேல் ஏறிக் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டது. வருகிறவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கி ஆசி வழங்கியது.

"ஏண்ணே, நேத்து வயித்து வலின்னு தரையில உருண்டீங்களே! நீங்களாவது உண்மையைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டது கயற்கண்ணி.

"வலிக்குதுதான் தங்கச்சி," என்றது கரடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து. "ஆனா பழம் வருதே. முடி இருந்தப்ப ஒருத்தன் எனக்கு ஒரு பழம் குடுத்திருப்பானா?"

எருமையும் அதையே சொன்னது. குரங்குகள் வட்டத்தைக் கலைக்காமலே தலையாட்டின. கயற்கண்ணி யாரிடம் போய்ச் சொல்லும்? வளைக்குள் போய்க் கெண்டையின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

கெண்டை மெல்லக் கண்ணைத் திறந்தது. "அம்மா, எல்லாரும் வேண்டிக்கிட்டுத்தான் மொட்டை போட்டாங்களாம்மா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"நானும் மொட்டைதானே? நான் என்னம்மா வேண்டிக்கிட்டேன்? யாருக்காக வேண்டிக்கிட்டேன்?"

கயற்கண்ணி குட்டியின் மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்தது. பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. "யாருக்காக! நல்லாக் கேட்டேடா என் ராசா!"

மறுநாள் காலை, பட்டறை வாசலில் மெழுகு வாங்க மேலோடையே கூடியிருந்தது. கயற்கண்ணி தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு நடுவில் போய் நின்றது.

"எல்லாரும் கேளுங்க! வேண்டுதல்தான். இத்தனை நாள் நான் மறைச்சேன். இப்ப பலிச்சிடுச்சு, அதனால சொல்லலாம்."

"சொல்லும்மா, சொல்லு!" என்றன மான்கள்.

"எல்லாம் நம்ம முதலாளி ஐயாவுக்காகத்தான்! அவர் பட்டறை செழிக்கணும்னுதான் கீழோடையே மொட்டை போட்டோம்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. சடையாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்காகவா? எனக்கே எனக்காகவா?" என்று கேட்டு, மயில் போட்ட மாலையைப் பிடரி கலையாமல் வாங்கிக்கொண்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்," என்றது கயற்கண்ணி. "யாருக்காக வேண்டிக்கிட்டோமோ, அவரு எங்க துறைக்கு வந்து தலை முழுக ஒரு முழுக்குப் போடணும். அப்பத்தான் வேண்டுதல் முடியும்."

சடையாண்டியின் முகம் சுருங்கிப் போனது. "போடலைன்னா?"

"சாமி குத்தம் ஆயிடும்!" என்று அதிர்ந்தது யானை. "இப்பவே கிளம்புங்க! மரங்கொத்திகளைக் கூப்பிடுங்க, மேளம் அடிக்கட்டும்!"

"எனக்குச் சளி பிடிச்சிருக்குங்க பெரியம்மா..."

"முழுக்குப் போட்டா சரியாயிடும்."

"இன்னைக்கு நாள் நல்லா இல்லீங்களே..."

"சாமி காரியத்துக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான்."

"எனக்குப் பதிலா முள்ளம்பன்றி முங்கட்டுமே!"

முள்ளம்பன்றி சீப்பு வேலையை விட்டுத் துள்ளிக் குதித்தது. "ஐயையோ, நான் மாட்டேன் முதலாளி! என் முள்ளெல்லாம் கொட்டிடும்!"

"ஏன் கொட்டும்?" என்று கேட்டது யானை.

முள்ளம்பன்றி வாயைப் பொத்திக்கொண்டது. யானை அதையும் சடையாண்டியையும் மாறி மாறிப் பார்த்தது. ஆனால் மேளம் ஆரம்பித்துவிட்டது. ஊர்வலமும் கிளம்பிவிட்டது.

மேலோடைக்காரர்கள் கீழோடையின் துறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மயில் தன் தோகையாலேயே மூக்கை மூடிக்கொண்டது. மான்கள் நுரையைப் பார்த்துப் பின்வாங்கின.

"இதென்னப்பா வாடை?"

"சாம்பிராணிங்க," என்றது சடையாண்டி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

துறையில் கயற்கண்ணி கெண்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது. பாறை மேலிருந்து கரடி இறங்கி வந்தது. ஆசி வழங்கி வழங்கி அது தன்னைப் பெரிய சாமியார் என்றே நம்பத் தொடங்கியிருந்தது.

"வா மகனே, வந்து முங்கு," என்றது.

"கொஞ்சமாத் தலையில தெளிச்சுக்கறேனே?"

"முழுக்குன்னா முழுக்கு! பிடரியெல்லாம் நனையணும்."

சடையாண்டி ஒரு காலை நீட்டியது. நுரை ஒரு விரலில் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பின்னால் நின்ற எருமைக்கு மனசு கேட்கவில்லை. பாவம், முதலாளி கூச்சப்படுகிறார் என்று அது நினைத்தது.

"வெட்கப்படாதீங்க முதலாளி. நாங்கெல்லாம் தினம் முங்குறதுதானே!" என்று அன்போடு சொல்லி, தலையால் ஒரு முட்டு முட்டியது.

சடையாண்டி தண்ணீரை நோக்கிச் சரிந்தது. சரிந்த வேகத்தில் யானையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. மினுக்கு மெழுகு பூசிய நகம் வழுக்கோ வழுக்கென்று வழுக்கியது. பிடி நழுவ நழுவக் கழுதைப்புலி அலறியது:

"ஐயோ, தூக்குங்க! என் முடியெல்லாம் போயிடும்! அது தண்ணி இல்ல, என் பட்டறைக் கழிவு!"

மேளம் நின்றது. ஒரு மரங்கொத்தி மட்டும் தெரியாமல் ஒரு கொத்து கொத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது.

"என்ன சொன்னே?" என்று கேட்டது யானை.

நழுவிய சடையாண்டியைத் தும்பிக்கையால் சுற்றித் தூக்கிக் கரையில் நிறுத்தியது. சொன்னதை விழுங்க முடியுமா? முடியாது.

கயற்கண்ணி முன்னால் வந்தது. "ஒரு தடவை முங்கினா முடி போயிடும்னு உங்களுக்குப் பயம். நாங்க தினமும் இதைத்தான் குடிக்கிறோம். என் புள்ளையே போயிடுவானோன்னு எனக்குப் பயம்." அதன் கையில் கெண்டை கீச் கீச் என்று மூச்சு விடுவது அத்தனை பேருக்கும் கேட்டது.

கரடி மெதுவாகத் தன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தது. "அப்போ நான் பக்தன் இல்லையா?"

"இல்லண்ணே. நீங்க நோயாளி."

கரடி பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதது. கையில் இருந்த வாழைப்பழத்தை மட்டும் அழுதுகொண்டே தின்று முடித்தது.

யானை குனிந்து தன் கால் நகங்களைப் பார்த்தது. அவை பளபளவென்று மின்னின. அதற்கு வெட்கமாக இருந்தது. நான்கு கால்களையும் சேற்றில் புதைத்துக்கொண்டு, "இந்த மினுக்குக்காகவா? நானும்தானே வரிசையில நின்னு வாங்கினேன்," என்றது. மான்கள் கொம்பை மரத்தில் தேய்த்து மெழுகைச் சுரண்டின.

சடையாண்டி மெல்ல நழுவப் பார்த்தது. யானை அதன் வாலைப் பிடித்துக்கொண்டது.

"எங்க போறே? கெண்டைக்கு முடி முளைக்கிற வரைக்கும் உனக்குக் கீழோடைதான் வீடு. தினமும் இந்தத் துறையிலதான் குளிக்கணும். பட்டறையை இன்னைக்கே மூடியாச்சு."

யானை சொன்னதோடு நிற்கவில்லை. தாழம்புதரிலிருந்து குழாயைப் பிடுங்கி எறிந்தது. கொப்பரைகளைக் கவிழ்த்து மிதித்து அப்பளம் ஆக்கியது.

முதல் குளியலிலேயே சடையாண்டியின் பிடரி மொத்தமும் ஓடையோடு போய்விட்டது. சேம்பு இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தது. வழியில் போகிற முயல் ஏதாவது, "மலைக்கோயிலுக்குங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, சொந்தப் பட்டறைக்கு," என்று பதில் சொன்னது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தானே குளிக்க வேண்டும் என்று வந்த பிறகு ஓடையைச் சுத்தம் செய்வதில் சடையாண்டியை மிஞ்ச ஆளே இல்லை! மஞ்சள் சேற்றைத் தன் கையாலேயே தோண்டித் தோண்டி அள்ளியது. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமே என்று, தன் சுனையிலிருந்து கீழோடைக்குக் குழாய் போட்டது. "பழைய குழாயை எடுத்தீங்க, நடக்கிறதே வேற!" என்று கயற்கண்ணி சொல்லிவிட்டதால், புது மூங்கிலாக வெட்டிப் போட்டது.

காலையில் எழுந்ததும் பிடரி சீவுகிற வேலை இல்லை அல்லவா? அதனால் ஓடி வந்து கெண்டையின் தலையைப் பார்க்கும்.

"முளைச்சுதா?"

"இல்ல மாமா."

"நல்லாப் பாரு, காது பக்கம்?"

"இல்ல மாமா."

மழைக்காலம் வந்து ஓடையைக் கழுவிக்கொண்டு போனது. கெண்டைக்குத் தின்றது வயிற்றில் தங்கத் தொடங்கியது. கீச் கீச் குறைந்தது. ஒரு நாள் காலை சடையாண்டி வந்து குனிந்து பார்த்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தது. கெண்டையின் உச்சந்தலையில் ஒரு முடி!

"முளைச்சிடுச்சு! முளைச்சிடுச்சு!" என்று கூத்தாடியது சடையாண்டி. கரடி ஓடி வந்தது, எருமை ஓடி வந்தது, குரங்குகள் வட்டத்தைக் கலைத்துக்கொண்டு ஓடி வந்தன. எல்லாரும் அந்த ஒற்றை முடியைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள். கெண்டை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டது. "தொடாதீங்க மாமா, விழுந்துடும்!"

பிறகு கெண்டை துறைக்குப் போய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. கயற்கண்ணி தண்ணீரை முகர்ந்தது. நாக்கு நுனியால் தொட்டது. நெடுநேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தது. அடுத்த நொடி கெண்டை தண்ணீருக்குள் இருந்தது.

"கெண்டை, போதும், வெளியே வா!"

"வரேம்மா, இதோ வரேம்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். தவளைகள் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. சாயங்காலம் ஆனால் கயற்கண்ணி துறையில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் சேம்பு இலையோடு சடையாண்டியும் உட்கார்ந்திருக்கிறது.

நீதி: தான் ஒரு முழுக்குப் போட அஞ்சும் தண்ணீரைப் பிறர் வீட்டுப் பக்கம் ஓட விடக் கூடாது.